பெட்டியைப் பார்க்காதே, காசைப் பார்!

பழைய காசு சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. பள்ளிக்கூடத்துப் பையனும் செய்யலாம். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவரும் செய்யலாம். ஆனால், இந்தப் பொழுதுபோக்கில் ஒரு புதுப் பழக்கம் புகுந்து இருக்கிறது. அதுதான் "தர எண்" போட்ட காசு!

உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு காசு. பெட்டியைத் திறக்க முடியாது, உடைத்தால்தான் உண்டு. பெட்டியின் மேல் பக்கம் ஒரு சீட்டு. அதில் காசின் பெயர், ஆண்டு, ஓர் எண். எண் கூடக்கூட விலையும் கூடும்.

புதிதாகக் காசு சேர்ப்பவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். காசைப் பார்ப்பது இல்லை. பணம் வீணாவது இங்கேதான்.

எண் வந்த கதை

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்று ஒருவர் இருந்தார். அந்த நாட்டின் பழைய செப்புக் காசுகளை ஆராய்ந்தவர். 1949-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட புத்தகத்தில், காசுகளுக்கு 1 முதல் 70 வரை மார்க்கு போட்டார். உருவம் தெரியாமல் தேய்ந்துபோன காசுக்கு 1. குறையே இல்லாத காசுக்கு 70. இன்றைய கணக்கில் 60-ம் அதற்கு மேலும் வாங்கிய காசு, கடைத்தெருப் பக்கமே போகாத காசு.

1986, 1987-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்கள் வேலையைத் தொடங்கின. காசைச் சோதிப்பது, எண் போடுவது, பெட்டியில் அடைத்துக் கொடுப்பது. இதுதான் வேலை. இதற்குக் கட்டணம் உண்டு. இந்தியக் காசுகளுக்கும் எண் போடுகிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்த எண் தராசில் நிறுத்துச் சொல்வது அல்ல. பழகிய கண்கள் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம். அதே காசை மறுபடி அனுப்பினால் எண் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். 64-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசம் புதியவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பணம் கொடுப்பானேன்?

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. சமீபத்தில் அடித்த புதுக் காசைப் பெட்டியில் போட்டு, "70 மார்க்கு" என்று பெரிய விலைக்கு விற்கிறார்கள். இன்றைய எந்திரத்தில் நல்ல காசு வராமல் வேறு என்ன வரும்? வெங்காயத்தை ஜரிகைத் துணியில் சுற்றி விற்பது போலத்தான் இது.

பன்றி ரூபாய்

அப்படியானால், எந்தக் காசுக்குப் பெட்டி வேண்டும்?

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய் 1911-ம் ஆண்டில் வந்தது. மன்னரின் அங்கியில் ஒரு யானைச் சித்திரம். தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டது. "இது யானை அல்ல, பன்றி!" என்று ஜனங்கள் பேசத் தொடங்கினார்கள். கூச்சல் பெரிதாயிற்று. மிச்சம் இருந்த காசுகளை உருக்கிவிட்டார்கள். 1912-ம் ஆண்டுக் காசில் யானை திருத்தமாக வந்தது. ஆகையால், 1911-ம் ஆண்டு ரூபாய்க்குக் கிராக்கி.

கிராக்கி உள்ள இடத்தில் போலியும் வரும். இப்படிப்பட்ட காசைப் பெட்டியோடு வாங்குவது புத்திசாலித்தனம். பெட்டியில் உள்ள எண்ணுக்காக அல்ல. "அசல்" என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரே, அதற்காக. பெட்டியிலும் போலி உண்டு. சீட்டில் உள்ள வரிசை எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

1918-ம் ஆண்டு ரூபாய் கதை வேறு. அதைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். அதற்குப் பெட்டிச் செலவு தண்டம். முதலில் மேடான இடங்கள்தாம் தேயும். மன்னரின் காது, புருவம், மகுடத்து மணிகள் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தால் போதும். ஏறக்குறைய 40 மார்க்குக் காசு. அழகாகவும் இருக்கும். விலையும் கையைக் கடிக்காது.

அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். சரியாக ஒரு தோலா. மருந்துச் சரக்கை "ஒரு ரூபாய் எடை" என்று பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான். தெரிந்த நகைக்கடையில் நிறுத்துப் பார்க்கலாம். தேய்மானத்தால் சிறிது குறையலாம். அதிகம் குறைந்தால் சந்தேகம்தான். வெள்ளி ரூபாய் காந்தத்தில் ஒட்டாது. ஆனால், 1947-ம் ஆண்டு ரூபாய் ஒட்டும். அது போலி அல்ல, நிக்கலில் அடித்தது.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது! புளி போட்டால் செம்புக் குடம் பளபளக்கும். காசு செத்துப்போகும். தேய்த்துக் கழுவிய காசுக்கு நிறுவனங்கள் எண்ணே கொடுப்பது இல்லை. "கழுவியது" என்று எழுதி அனுப்பிவிடுகின்றன. மாலையில் கோக்க வளையம் வைத்துப் பற்றவைத்த காசுக்கும் அதே கதிதான். கறுத்த வெள்ளிக் காசு கறுத்தபடியே இருக்கட்டும்.

இங்கே சட்டம் ஒன்றும் குறுக்கே நிற்கிறது. 100 ஆண்டு ஆன காசு, 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனி நபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "கொடுங்கள், அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பன்றி ரூபாயைக் கேட்டால், கொடுக்கக் கூடாது.

"பழைய ஐந்து ரூபாய்க் காசுக்குப் பல லட்சம்" என்று செல்போனில் வரும் விளம்பரம் இன்னும் மோசம். முதலில் கமிஷன் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது. இந்த மோசடியில் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தினார்கள். பழைய காசு விற்பனையில் தனக்குச் சம்பந்தம் இல்லை, கமிஷன் எதுவும் கேட்பது இல்லை என்று அந்த வங்கி 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எச்சரித்தது.

குழந்தைகளுக்கு எது?

வீட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டால், 1957-ம் ஆண்டில் வந்த நயா பைசாவில் தொடங்கலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிதான் 16 அணாக் கணக்கு போய், 100 பைசாக் கணக்கு வந்தது. சதுர வடிவில் ஐந்து பைசா, ஆறு மூலை உள்ள மூன்று பைசா, தாமரை போட்ட மஞ்சள் நிற இருபது பைசா என்று எத்தனை விதம்! சாதாரண ஆண்டுக் காசுகள் மலிவாகவே கிடைக்கும். பாட்டியின் சுருக்குப் பையில் சும்மாவே கிடைத்தாலும் கிடைக்கும்.

இவற்றுக்கு எந்த எண்ணும் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் போதும். சட்டைப் பையில் உள்ள இன்றைய காசிலேயே பிள்ளைகள் பழகலாம். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் அது மும்பையில் அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒரு குறியும் இல்லையா? அது கொல்கத்தாக் காசு!