என் காலைக் குறை சொல்லாதீர்கள்

"ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டியிருப்பீங்க, அதான் பிளேட் எரிஞ்சுபோச்சு." புது கிளட்ச் பிளேட் மாட்டிய ஒர்க்‌ஷாப்காரர்களே, இந்த ஒரு பேச்சில் பழியை என் தலையில் கட்டிவிட்டீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குட்டி யானை வண்டியில் லோடு ஏற்றிப் பிழைக்கிறவன் நான். போகும்போது சிமெண்ட், மளிகை; வரும்போது பலா, அன்னாசி. எனக்கா கிளட்ச் மிதிக்கத் தெரியாது?

வேறொரு மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிக் காட்டினார். நீங்கள் போட்ட பிளேட்டில் லைனிங் மட்டும்தான் புதுசு. நடுவில் பற்கள் தேய்ந்திருந்தன, ஸ்பிரிங்குகள் லொடலொடத்தன. பழைய தகட்டில் லைனிங் வைத்து ரிவெட் அடித்து, பேர்பெற்ற கம்பெனியின் டப்பாவில் போட்டு, ஒரிஜினல் விலையையும் வாங்கியிருக்கிறீர்களே, பாவிகளா! அதன் பலன்? ஏற்றத்தில் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ், பக்கத்தில் பள்ளம். டயருக்குக் கல் வைக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

கிளட்ச் என்றால் பிளேட் மட்டுமா? பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்ந்ததுதானே செட்? கூலியில் பெரும்பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. இறக்கிய கையோடு பேரிங்கை மாற்றாமல் விட்டது ஏன்? ஃப்ளைவீல் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்ததே, அது கண்ணில் படவில்லையா? ஆயில் சீல் கசிந்தால் புதுப் பிளேட்டும் வழுக்குமே, அதையாவது பார்த்தீர்களா? கேட்டால், "ஓனர் சொல்லலை" என்கிறீர்கள். எந்த பிளேட், எந்த விலை என்று ஓனரான என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

போலி முத்திரைச் சரக்கை விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை என்கிறது 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறியீடுகள் சட்டம். பில் கேட்ட எனக்குக் கிடைத்ததோ பேரில்லாத துண்டுச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்? வண்டி நின்றாலும் தவணை நிற்கவில்லை. வீட்டில் அடுப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானல்லவா?

இனி டப்பாவை என் கண்முன் பிரியுங்கள். பார்ட் நம்பரோடு பில் எழுதுங்கள். கழற்றிய பழைய பிளேட்டை என் கையில் கொடுங்கள். அதை உங்களிடம் விட்டுவந்தால், நாளைக்கு லைனிங் ஒட்டிப் புது டப்பாவில் இன்னொரு டிரைவரின் வண்டிக்குள் போகும். மலையில் அவன் வண்டி பின்னால் உருளும்போதும், அவன் காலைத்தானே குறை சொல்வீர்கள்!