செபம் முடிந்த பின்னர்: கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிச் சில வினாக்கள்

ஆண்டுதோறும் சனவரி 18 ஆந் திகதி முதல் 25 ஆந் திகதி வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம் உலகின் பல பாகங்களிலும் அனுட்டிக்கப்படுகின்றது. ஈழத்திலும் அவ்வாறே. கத்தோலிக்கக் குருவானவர் மெதடிஸ்த ஆலயத்திற் பேசுவார், அங்கிலிக்கன் குருவானவர் கத்தோலிக்க ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பார், யோவான் சுவிசேஷத்தின் 17 ஆம் அதிகாரம் ஓதப்படும், தேநீர் பரிமாறப்படும். 26 ஆந் திகதி காலையில் எல்லோரும் தத்தம் வேலிக்குள் திரும்பிவிடுவர். அடுத்த ஞாயிறன்று ஒரே வீதியிலுள்ள இரண்டு ஆலயங்களின் மணிகளும் ஒருங்கே ஒலிக்கும். ஒன்றின் மக்கள் மற்றையதன் வாசலைக் கடந்து போவர். அரை நூற்றாண்டுக்கு மேலாக இதுவே நடைபெற்று வருகின்றதெனின், செபம் கேட்கப்படவில்லையா, அன்றிச் செபித்தவர்களே அதன் விடையை விரும்பவில்லையா என்ற வினா எழுவது தவிர்க்கவியலாதது.

செபத்தை இகழ்வது இங்கு நோக்கமன்று. 1908 இல் அமெரிக்காவிற் போல் வற்சன் என்ற குருவானவர் இவ்வழக்கத்தைத் தொடக்கியபோது, ஏனையோர் உரோமையிடம் திரும்புதலே ஒற்றுமையெனக் கருதப்பட்டது. 1930 களிற் பிரான்சியக் குருவானவர் போல் கூத்துரியே அதனை மாற்றினார். கிறிஸ்து விரும்பும் ஒற்றுமையை அவர் விரும்பும் வழியில் எச்சபையினரும் வேண்டலாம் என்றார். 1964 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்புப் பற்றிய தன் விதித்தொகுப்பை வெளியிட்டது. 1968 முதல் செப வாரத்துக்குரிய ஏடு, உரோமையும் உலகத் திருச்சபைகள் மன்றமும் இணைந்து ஆக்கிய ஏடாகவே இருந்து வருகின்றது. இவை யாவும் செபத்தின் கனிகள் எனினும் தகும். ஆயின் அன்று செபித்தோர் செபத்தின் பயனாகத் தம் நிலைப்பாட்டை மாற்றினர். இன்று செபிப்போர், நிலைப்பாட்டை மாற்றாதிருப்பதற்கு ஒரு பரிகாரமாகச் செபிக்கின்றனரோ என ஐயுற வேண்டியுள்ளது.

ஈழத்துத் தமிழ்க் கிறிஸ்தவரின் பிரிவுகள் அவர்தம் சிந்தனையிற் பிறந்தவையல்ல. கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலத்தில் வேரூன்றியது. பின்னர் வெஸ்லியன் மிசன் 1814 இலும், அமெரிக்க மிசன் 1816 இலும், சேர்ச் மிசன் 1818 இலும் இங்கு பணி தொடங்கின. யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தமக்குள் பங்கிட்டும் கொண்டன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் ஆகியன அமெரிக்கருக்கு. நல்லூர், கோப்பாய், சுண்டிக்குளி சேர்ச் மிசனுக்கு. யாழ்ப்பாணப் பட்டினமும் பருத்தித்துறையும் வெஸ்லியருக்கு. வட்டுக்கோட்டையான் கல்வினையும் லூதரையும் கற்றுத் தெளிந்தா தன் சபையைத் தெரிந்தான்? வீட்டுக்கு அண்மையிலிருந்த பள்ளிக்கூடமே அவன் சபையைத் தீர்மானித்தது. ஐரோப்பாவின் பதினாறாம் நூற்றாண்டு வழக்கை ஈழத்தவன் இன்றும் வாதித்துக்கொண்டிருப்பது கொள்கைப்பற்று அன்று. மிசன் எல்லைக்கல்லுக்குச் செய்யும் காவலேயாகும்.

இவ்வுண்மையைத் தமிழ் மண் முன்னரே கண்டது. 1919 மே மாதத்தில் தரங்கம்பாடியிற் கூடிய குருமார், வேதநாயகம் சாமுவேல் அசரியா உள்ளிட்டோர், தம்மைப் பிரித்து நிற்கும் பிளவுகள் தாம் உண்டாக்கியவையல்ல எனத் துணிந்து அறிவித்தனர். அதன்பின் 28 ஆண்டுகள் வாதமும் வருத்தமும் கடந்து, 1947 செப்ரெம்பர் 27 இற் சென்னையில் தென்னிந்திய திருச்சபை பிறந்தது. ஆயராட்சியை உயிரெனக் கொண்ட சபையும் அதனை முன்னர் ஏற்றிராத சபைகளும் ஒரே திருச்சபையாயின. அமெரிக்க மிசன் வழிவந்த யாழ்ப்பாணச் சபை அதன் ஓர் ஆதீனமாயிற்று. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயரானார்.

அங்கு இயன்றது இலங்கையில் ஏன் இயலவில்லை? அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த, பிரெஸ்பிற்றேறியன் சபைகளும் யாழ்ப்பாண ஆதீனமும் ஒன்றாகி ஒரே இலங்கைத் திருச்சபையாவதற்கான திட்டம் 1940 களிலிருந்து வரையப்பட்டது. 1958 இல் அங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு அதனைப் பரிவுடன் நோக்கியது. யாழ்ப்பாணத்தவரான டி. ரி. நைல்ஸ் உலக ஒன்றிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்ற காலம் அது. 1972 இற் புதிய திருச்சபை தொடக்கிவைக்கப்படவிருந்த வேளையில் அங்கிலிக்கர் சிலர் நீதிமன்றம் ஏகினர். திட்டம் நின்றது, பின்னர் எழவேயில்லை. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட செபமும் ஆலோசனையும் ஒரு வழக்கின் முன் வீழ்ந்தன.

வழக்காடியோரை மட்டும் குறைகூறுதல் எளிது. ஆனால் ஒற்றுமையை மெய்யாகவே விரும்பிய சபைகளாயின், விழுந்த இடத்திலிருந்தே மீண்டும் எழுந்திருக்கும். எழாதிருந்த அவ்வாண்டுகள் எத்தகையவை என்பதையும் எண்ணுதல் வேண்டும். 1983 இன் வன்செயல்களும் 2009 வரை நீண்ட போரும் அவற்றுள் அடங்கும். சிங்களவரும் தமிழரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் நிறுவனங்கள் இந்நாட்டிற் சிலவே. திருச்சபைகள் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. ஒன்றுபட்ட திருச்சபை போரைத் தடுத்திருக்கும் எனக் கூறுவது மிகையாகும். ஆயின் தமக்குள் ஒரு பந்தியில் அமரவியலாதோர் இரண்டு இனங்களை ஒரு பந்திக்கு அழைத்தபோது, அவ்வழைப்புக்கு யார் செவிசாய்ப்பர்?

உண்மையை விலையாகக் கொடுத்து ஒற்றுமையை வாங்கலாகாது என்பர். மதிக்கத்தக்க வாதமே. பாப்பரசரின் தலைமை, குருத்துவம், நற்கருணை என்பன பற்றிய வேறுபாடுகள் ஒரு கூட்டத் தீர்மானத்தால் தீர்வனவல்ல. எனினும் சீர்திருத்தத்தின் மூல வினாவாகிய விசுவாசத்தினால் நீதிமானாதல் பற்றிக் கத்தோலிக்கரும் லூதரன் சபையினரும் 1999 ஒக்ரோபர் 31 இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரிற் கூட்டுப் பிரகடனமொன்றிற் கைச்சாத்திட்டனர்; 2006 இல் மெதடிஸ்தரும் அதனுடன் இணைந்தனர். நம் ஆலயங்களின் பிரசங்க பீடங்களுள் எத்தனை இதனை மக்களுக்கு எடுத்துரைத்தன? பிரிவுக்குக் காரணமென்று சொல்லப்பட்ட கொள்கை இளகிய பின்னரும் பிரிவு இறுகி நிற்குமாயின், அதனைத் தாங்குவது கொள்கையன்று. காணி, கட்டடம், பதவி, பாடசாலைப் பெருமை என்பனவே. 1952 இற் சுவீடனின் லுண்ட் நகரிற் கூடிய மாநாடு, ஆழ்ந்த கொள்கை வேறுபாடு தடுக்கும் இடங்கள் தவிர மற்றெல்லாவற்றிலும் சபைகள் இணைந்தே செயற்படவேண்டாவோ எனக் கேட்டது. சேமக்காலையை ஒன்றாக்குவதற்கு எக்கொள்கை தடை? வெள்ள நிவாரணத்தை ஒன்றாய் வழங்குவதற்கு எக்கொள்கை தடை?

கொள்கையின் பெயரால் மறைந்து நிற்கும் இன்னொரு தடை சாதி. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒரே சாதியினராயின் சம்பந்தம் எளிதிற் கூடும், இருவருள் ஒருவர் சபை மாறுவார், காரியம் முடிந்தது. ஒரே சபையில், ஒரே கிண்ணத்திற் பருகிய இருவர் வேறு சாதியினராயின் பெரும்பாலும் அப்பேச்சே எழுவதில்லை. இவ்வாறாயின் சபைப்பிரிவு என்பது தேவைப்பட்டாற் பிரித்துக் கட்டும் கிடுகு வேலி, சாதியோ கல்மதில். வேலியைப் பிடுங்கி மதிலை விட்டுவைக்கும் ஒற்றுமை, பெயர்ப்பலகையை மாற்றுவதன்றி வேறன்று.

மொழியும் இப்பிரிவுக்குச் சாட்சி பகரும். ஒரே அப்போஸ்தலரைக் கத்தோலிக்கர் அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்றனர். சீர்திருத்தச் சபையார் யோவான், பேதுரு, பவுல் என்றனர். ஒருவர் செபித்தார், மற்றவர் ஜெபித்தார். 1995 இல் இருசாராரும் கூடி ஆக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதற்காகக் கத்தோலிக்கர் தம் முன்னோர் வழங்கிய அழகிய பெயர்களை விட்டுக்கொடுத்தனர். சீர்திருத்தச் சபையாரோ பெரும்பாலும் தம் பழைய மொழிபெயர்ப்பையே பற்றி நிற்கின்றனர். சைவராகிய ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிசனின் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்த மண் இது. இங்கு கிறிஸ்தவர் இருவர் ஒரே நூலைக் கையிலேந்த இயலாதிருப்பது நாணத்தக்கது.

2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயமும் கத்தோலிக்கருடையவை. மட்டக்களப்புச் சீயோன் ஆலயம் சுவிசேஷ சபையொன்றினுடையது. அத்தகைய சபைகளைப் பழைய திருச்சபைகள் ஒன்றிப்புப் பேச்சுக்குப் பெரும்பாலும் அழைப்பதில்லை; அவையும் வர முந்துவதில்லை. கொலைஞர் இவ்வேறுபாடுகளைக் காணவில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 7.6 வீதத்தினரே கிறிஸ்தவர். அச்சிறுதொகையும் இரத்தத்தில் மட்டும் ஒன்றாகுமாயின், அவ்வொற்றுமை அவர்கள் தேடியதன்று, பகைவர் கொடுத்தது.

ஒற்றுமை இயலாததன்று. பேராதனைக்கு அண்மையில், பிலிமத்தலாவையிலுள்ள இறையியற் கல்லூரியில் 1963 முதற் பல சபைகளின் மாணவர் ஒன்றாகக் கற்கின்றனர். ஒரே மேசையிற் கற்றவர்களைப் பின்னர் தனித்தனி வேலிக்குள் அனுப்பிவைப்பது சபைகளே. ஆகவே கேட்கப்படவேண்டியது பெரிதன்று. ஊர்தோறும் ஒரு பொதுச் சேமக்காலை; இடருற்றோர்க்கு ஒரு பொது நிதி; கூட்டு வழிபாடுகளிற் பொது மொழிபெயர்ப்பு; நின்றுபோன திட்டத்தை மீண்டும் எடுத்து ஆராய, குருமார் மட்டுமன்றிப் பெண்களும் இளைஞரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும் அமரும் ஒரு சபை. இவற்றோடு இன்னுமொன்று: அடுத்த சனவரி 18 ஆந் திகதி, செபம் தொடங்குமுன், சென்ற ஆண்டில் ஒற்றுமைக்காகத் தான் விட்டுக்கொடுத்தது யாதென ஒவ்வொரு சபையும் மக்கள் முன் எழுந்து கணக்குரைக்கட்டும். உரைப்பதற்கு ஒன்றுமில்லாத சபை அவ்வாண்டு செபத்திற்கு மாறாக மன்னிப்புக் கேட்கட்டும்.