மலை இரண்டு, கொடி ஒன்று: பொஸ்னியாவின் இளம் பனிச்சறுக்கு வீரர்கள்

1984 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய சரயேவோ நகரம், எட்டே ஆண்டுகளில் முற்றுகைக்குள் சிக்கியது. 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை நீடித்த அந்த முற்றுகையில், வீரர்கள் பதக்கத்துக்காகச் சறுக்கி இறங்கிய மலைகளே போர்முனைகளாயின. ட்ரெபெவிச் மலையின் பொப்ஸ்லெட் ஓடுபாதை பீரங்கி நிலையானது. செட்ரா அரங்குக்கு அருகிலிருந்த திடலில் புதைகுழிகள் நிறைந்தன.

இன்று அதே மலைகளில் சிறுவர்கள் பயிற்சி பெறுகின்றனர். பனி இறுகிக் கிடக்கும் அதிகாலையில் சிவப்பு, நீலக் கம்பங்களை நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து இறங்கப் பயிற்றுநர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். வெயில் ஏறினால் பனி இளகும், தடம் பள்ளமாகும். வேகத்தைவிட முதலில் படிய வேண்டியது திரும்பும் கணத்தில் உடற்பாரத்தை வெளிக்காலுக்கு மாற்றும் பழக்கம். அது பல குளிர்காலங்கள் எடுக்கும் வேலை. சறுக்குப் பலகை, காலணி, தலைக்கவசம் எல்லாம் பிள்ளை வளர வளர மாற்றப்பட வேண்டியவை. சாதாரண குடும்பம் ஒன்றுக்கு இது சின்னச் செலவல்ல.

ஆனால் பயிற்சித் தளங்களின் அமைவிடமே அரசியல். 1984இல் பெண்களுக்கான அல்பைன் போட்டிகள் நடந்த யஹோரினா, டேட்டன் உடன்படிக்கைக்குப் பின் சேர்பியக் குடியரசு எனப்படும் நிர்வாக அலகுக்குள் வருகிறது. ஆண்களுக்கான போட்டிகள் நடந்த பியெலாஷ்னிட்சா, கூட்டமைப்பு அலகில் இருக்கிறது. நிர்வாகமும் வரவுசெலவுத் திட்டமும் வேறு வேறு. ஒலிம்பிக் குழு மட்டும் முழு நாட்டுக்கும் ஒன்றே.

2019 பெப்ரவரியில் சரயேவோவும் கிழக்குச் சரயேவோவும் இணைந்து ஐரோப்பிய இளையோர் ஒலிம்பிக் விழாவை நடத்தின. இதை நல்லிணக்கம் என்று உடனே பெயர் சூட்டிவிடத் தேவையில்லை. நல்லிணக்க விளையாட்டு விழாக்களும், அவற்றில் எடுக்கப்படும் புகைப்படங்களும் எமக்குப் புதியவை அல்லவே! காணாமல் போனோரின் உறவுகள் அங்கும் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். போட்டி அட்டவணை அதற்குப் பதிலாகாது. எனினும் இரு தரப்பும் ஒரே போட்டிக்குத் தடம் சீர்செய்ய வேண்டியிருந்தது. அது நடைமுறையில் நடந்த வேலை. மேடைப் பேச்சைவிடக் கனமானது.

போர் முடிந்த பின் பிறந்த தலைமுறை இப்போது களத்தில். 1999இல் பிறந்த எல்வெடினா முசஃபெரியா, 2018 குளிர்கால ஒலிம்பிக்கின் ஆரம்ப விழாவில் நாட்டின் கொடியை ஏந்தினார்.

போட்டித் தடங்கள் துப்புரவாக்கப்பட்டவை. அவற்றுக்கு அப்பால், இம்மலைகளின் சில காட்டுப் பகுதிகளில் மிதிவெடி அபாயம் நீடித்தது. முகமாலையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குறியிட்ட பாதையை விட்டு விலகாதே என்பது அங்குள்ள பிள்ளைக்கு வெறும் விளையாட்டு விதியல்ல.

இப்போது பனியும் முன்போல் நம்பத்தக்கதாக இல்லை. செயற்கைப் பனி பொழியும் இயந்திரங்களுக்கு நீரும் மின்சாரமும் பணமும் வேண்டும். எந்த மலைக்கு எவ்வளவு முதலீடு என்பதை இரண்டு நிர்வாகங்களும் தனித்தனியே தீர்மானிக்கின்றன.