ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள்

வாரம் முழுவதும் ஒருவர் பாங்கியில் கணக்குப் பார்க்கிறார். ஒருவர் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறார். ஒருவர் மில்லில் பிட்டர். இன்னொருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், நாலு பேரும் ஒரு பழைய காரைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவருடைய கால் மட்டும் காருக்கு அடியிலிருந்து வெளியே தெரிகிறது!

இப்படிப்பட்ட கூட்டாளிகள் சென்னையிலும் உண்டு, கோவையிலும் உண்டு. இவர்கள் பெரிய பணக்காரர்கள் அல்ல. பணக்காரர் என்றால் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இவர்களோ மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு அம்பாசிடரையோ, ஒரு பத்மினியையோ வாங்கி, தங்கள் கையாலேயே ரிப்பேர் பார்க்கிறார்கள்.

அந்தக் கார்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் அதன் தொழிற்சாலை இருந்தது. 2014-ம் ஆண்டு மே மாதத்தோடு அங்கே வேலை நின்றது. பத்மினி, இத்தாலியின் பியட் காருடைய வாரிசு. அது பம்பாயில் உருவானது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையிலேயே பிறந்த கார். அதன் பானட்டைத் தூக்கினால், மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் வேலை பார்க்கலாம். ரிப்பேர்காரனின் முதுகுவலி தெரிந்தவர் யாரோதான் அப்படி அமைத்திருக்க வேண்டும்!

தொழிற்சாலை மூடிய பிறகு சாமானுக்கு எங்கே போவது? சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். அங்கே கடை கடையாக ஏறி இறங்கினால், எந்தக் காலத்து கார்புரேட்டரும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும்.

தனி ஆள் இதைச் செய்து முடிக்க முடியாது. அம்பாசிடருக்கு அங்குல அளவு ஸ்பானர் வேண்டும். பத்மினிக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தித் திருப்பினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். ஆகவே ஒருவர் ஒரு செட் வாங்குகிறார். இன்னொருவர் மற்ற செட்டை வாங்குகிறார். பெரிய ஜாக்கி மளிகைக் கடைக்காரர் வீட்டில் இருக்கிறது. பிட்டருக்கு காது கூர்மை. என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். ஒருவர் நாலு ஞாயிறு மல்லுக்கட்டுகிற வேலையை, நாலு பேர் சேர்ந்து ஒரே ஞாயிறில் முடித்துவிடுகிறார்கள்.

இது வெட்டி வேலை என்று சிலர் சொல்லுகிறார்கள். அது சரியல்ல. கோவை ஜி.டி. நாயுடுவை நினைத்துப் பார்க்கட்டும். இளம் வயதில் அவர் ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். அதைப் பிரித்தார், திரும்பப் பூட்டினார். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். 1920-ல் அவர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். எல்லோரும் நாயுடு ஆகிவிட முடியாது. ஆனாலும், பிரித்துப் பார்க்கிற கைக்கு ஒரு புத்தி வருகிறது. அதைக் குறை சொல்வதற்கு இல்லை.

வீட்டில் என்ன நடக்கிறது?

குறை வேறு இடத்தில் இருக்கிறது.

“இன்றைக்காவது கல்யாணத்துக்கு வருவீர்களா?” என்று மனைவி கேட்கிறாள்.

“அரை மணி நேர வேலைதான். இதோ வந்துவிடுகிறேன்” என்கிறார் கணவர்.

அந்த அரை மணி எத்தனை மணி என்று அந்த அம்மாளுக்குத் தெரியும்! துருப்பிடித்த ஒரு போல்ட் போதும். ஒரு பகல் முழுவதும் போய்விடும். முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, அம்மாள் தனியாக ஆட்டோவில் திரும்பி வருவாள். இவர் அப்போதுதான் கையில் உள்ள கிரீசைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பழைய காருக்குப் பணம் செலவாகிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அதைவிட அதிகம் செலவாவது ஞாயிற்றுக்கிழமைதான். வேலைக்குப் போகிறவனுக்கு மாதத்தில் நாலோ ஐந்தோ ஞாயிறுதான் உண்டு. அத்தனையும் காருக்கே என்றால், அது பிள்ளைகள் பங்கிலிருந்து எடுத்ததுதான். இரண்டு ஞாயிறு காருக்கு, மீதி வீட்டுக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுகிற கூட்டாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் காரைச் சக்களத்தி என்று யாரும் திட்டுவதில்லை.

வீட்டில் இருப்பது ஒரே வண்டி என்றால், அதைப் பிரித்துப் பழகக் கூடாது. ஞாயிறு மாலை என்ஜின் பாதி வெளியே கிடக்கும். திங்கள் காலை ஆபீஸ் இருக்கும். இராத்திரியில் கிழவருக்கு நெஞ்சு வலித்தால் எதில் ஏற்றிக்கொண்டு போவது?

பெயிண்ட் அவசரமா, பிரேக் அவசரமா?

இன்னொரு பெரிய தப்பு நடக்கிறது. கார் வாங்கியதும் முதலில் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று ஆரம்பிக்கிறார்கள். பளபளவென்று ஆக்கி, படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டுகிறார்கள். பிரேக் வேலை “அடுத்த மாதம்” என்று தள்ளிப் போகிறது.

பெடலை மிதித்தால், அந்த அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். அந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரமே கொதித்துவிடும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறும். ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். அதற்குப் பிறகு பெடலை மிதித்தால், அது தரை வரை போகும். வண்டி நிற்காது! பழைய கார்கள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். காருக்குள் உட்கார்ந்திருப்பது யார்? மனைவி, பிள்ளைகள், நண்பனுடைய பிள்ளைகள்.

ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். அதற்கு ஆவது சில நூறு ரூபாய். பெயிண்ட் செலவில் அது தூசு. பிரேக் வேலையைச் சொந்தமாகப் பழகுவதிலும் தப்பில்லை. ஆனால், தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஓட்டிப் பார்த்துச் “சரி” என்று சொல்லாமல் வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது. “வண்டி இன்னும் தயாராகவில்லை, பஸ்ஸில் போவோம்” என்று நண்பர்களிடம் சொல்லச் சிலருக்கு வெட்கம். இதில் என்ன வெட்கம்?

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகிறவர்களும் இருக்கிறார்கள். செங்கல்லை முட்டுக்கொடுப்பவர்கள் இன்னும் மோசம். செங்கல் சொல்லிக்கொண்டு உடையாது. இதற்கென்று இரும்பு ஸ்டாண்டு விற்கிறது. மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடவும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அல்ல. 2025-ல் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 20 சதவீதத்தை எட்டியது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்தவை அல்ல. நாளடைவில் அவை ஊறி, வெடித்து, ஒழுகும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்குகிற குழாய் கடையில் கிடைக்கிறது.

சர்க்கார் செலவும் ஏறியிருக்கிறது. 15 வருஷம் ஆன சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். கார் வாங்கும்போதே இதையும் கணக்கில் சேர்த்து, வீட்டு அம்மாளிடம் சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரிந்தால் இரண்டு சண்டை.

சில வீடுகளில் சண்டையே இல்லை. அங்கே டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். ஸ்பானர் நம்பரைக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறாள். நாலு பிளக்கில் எதற்கு முதலில் தீப்பொறி, எதற்கு அடுத்தது என்று கேட்டால், வாய்ப்பாடு மாதிரி சொல்லுகிறாள்: “ஒன்று, மூன்று, நாலு, இரண்டு!” அம்பாசிடருக்கும் அதுதான், பத்மினிக்கும் அதுதான். அப்பா வயரை மாற்றிச் செருகிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், அவளே அதைப் பிடுங்கிச் சரியாகச் செருகிவிடுகிறாள்.