கால் ஊன்றினால் மார்க் போச்சு!

மோட்டார் சைக்கிள் என்ற பேச்சை எடுத்ததுமே பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா, சகோதரி? ஒரு நிமிஷம் பொறுங்கள். நான் சொல்ல வந்தது வேகமாக ஓட்டுகிற சமாசாரம் அல்ல. எவ்வளவு மெதுவாக ஓட்டலாம் என்கிற சமாசாரம்!

பிரிட்டனில் 'டிரயல்ஸ்' என்று ஒரு போட்டி வெகு காலமாக நடந்து வருகிறது. பாறை, ஓடை, சேறு, செங்குத்தான மேடு இவற்றின் நடுவே ஒரு குறுகலான வழியைக் குறித்து விடுவார்கள். அதில் நடை வேகத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். தடுமாறி ஒரு தரம் காலைத் தரையில் ஊன்றினால் ஒரு மார்க் போச்சு. வண்டி நின்றே போனால் ஐந்து மார்க்! யாருக்குக் குறைவாகப் போகிறதோ, அவருக்கு வெற்றி. ஸ்காட்லாந்தில் நடக்கும் ஆறு நாள் போட்டியில் 1961-ல் கார்டன் ஜாக்ஸன் என்பவர் ஆறு நாளும் சேர்த்து ஒரே ஒரு மார்க்கைத்தான் இழந்தார். பாவம், அவர் பூட்ஸ் தரையைத் தொட்ட அந்தக் கணத்தை யாரோ போட்டோ பிடித்துவிட்டார்கள்!

இது ஆண்பிள்ளைகள் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி முறையான சர்வதேச ஆறு நாள் போட்டியில், 1927-ல் வெள்ளி ஜாடியை வென்ற பிரிட்டிஷ் கோஷ்டியில் மூன்று பேரும் பெண்கள். மார்ஜரி காட்டில் அவர்களில் ஒருவர். அந்தக் காலத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள்!

இந்தப் போட்டிகளில் பெயர் எடுத்த வண்டிகளில் ஒன்று நமக்கும் ஒருவகையில் உறவு. நம் தெருவில் 'தட தட'வென்று போகிறதே, அந்த 'புல்லட்'தான். ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை, 1948-ல் பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்து அதைப் போட்டிக்குக் கொண்டு வந்தது. பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பின்பக்கம் ஆடாமல் இருந்தால்தான் சக்கரம் மண்ணைப் பிடிக்கும் என்பது அன்றைய சாஸ்திரம். உண்மை அதற்கு நேர்மாறு. கல்லில் மோதி எகிறுகிற சக்கரத்தை உடனே தரையில் அழுத்துவது ஸ்பிரிங்தான். அந்த வருஷமே இத்தாலியில் சான் ரெமோவில் வென்ற பிரிட்டிஷ் கோஷ்டியில் விக் பிரிட்டன் புல்லட்டில் போனார். அவர் பிள்ளை ஜானி 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்துப் போட்டியை அதே ஜாதி வண்டியில் ஜெயித்தார். அப்புறம் யார் உதட்டைப் பிதுக்குவது?

அப்படிப் போட்டிக்கென்று செய்த பழைய புல்லட்டுகள் இப்போது அபூர்வம். ஒன்று அகப்பட்டாலும் உருக்குலைந்துதான் அகப்படும். யாரோ விளக்கு மாட்டியிருப்பார், யாரோ ஃபிரேமை அறுத்திருப்பார். முதல் வேலை ஜாதகம் பார்ப்பது! ஃபிரேமில் ஒரு நம்பர், இன்ஜினில் ஒரு நம்பர். இரண்டையும் பழைய தொழிற்சாலைப் பேரேடுகளோடு ஒத்துப் பார்க்கவேண்டும். சாதாரண வண்டிக்கு வேஷம் கட்டி, 'போட்டி வண்டி' என்று தலையில் கட்டுகிறவர்கள் இங்கு மட்டும் இல்லை, அங்கேயும் உண்டு. ஜாதகம் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தவர் பிறகு அழுது பிரயோஜனமில்லை.

அடுத்தது பிரிப்பது. புல்லட்டில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. இன்ஜினின் வயிற்றிலேயே ஒரு அறை. வருஷக்கணக்காக நின்ற வண்டியில் அந்த அறையின் அடியில் கரிப்பிசுக்கு, நெய் காய்ச்சிய கசண்டு மாதிரி படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் ஓட்டினால் புதுப் பேரிங்கும் வீண். பிறகு, தீப்பொறி தருகிற 'மாக்னெட்டோ'. இது பொல்லாதது. காலையில் குளிர்ந்திருக்கும்போது சமர்த்தாக வேலை செய்யும். சூடு ஏறியதும் மக்கர் பண்ணும். உள்ளே கம்பிச் சுற்றுக்குப் பூசிய அரக்கு வயதாகி இளகியிருக்கும். முழுவதையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றவேண்டியதுதான். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் வண்டியை விற்றுவிடுகிறார்கள்.

உதிரி பாகங்களுக்கு எங்கே போவது? இங்கேதான் வேடிக்கை. 1955-ல் சென்னையில் புல்லட் தயாரிப்பு ஆரம்பமாயிற்று. இங்கிலாந்தில் தாய்வீடு 1970-ல் மூடப்பட்டது. பெண் திருவொற்றியூரில் அமோகமாக வாழ்ந்தாள்! பழைய அச்சிலேயே பல வருஷங்கள் செய்துவந்ததால், நம் ஊர்ப் பாகங்கள் பல, அந்த ஆங்கிலேய வண்டிகளுக்கும் பொருந்தின. தாயின் முட்டி தேய்ந்தால் பெண் வீட்டிலிருந்து மருந்து!

ஆனால் ஒரு தர்மசங்கடம். ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அந்தப் பழைய வண்டி எங்கே? ஸ்காட்லாந்தில் 1965-க்கு முந்தைய வண்டிகளுக்கென்று 1984-ல் ஒரு போட்டி தொடங்கினார்கள். அதில் வருகிறவற்றுள் பலவற்றில் பெயர்தான் பழசு, உள்ளே எல்லாம் புதுசு என்று அங்கே ஓயாத சண்டை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உள்ளே சுழல்வதையெல்லாம் தாராளமாகப் புதுப்பிக்கலாம். உயிருக்கு ஆபத்தான பிரேக், சக்கரக் கம்பி இவற்றில் பழமையைப் பார்க்கவே கூடாது. ஆனால் பாறையில் உரசித் தேய்ந்த கால்மிதிக் கட்டையையும், விழுந்து நசுங்கிய பெட்ரோல் டாங்கையும் தொடாதீர்கள். பாட்டியின் வெள்ளிக் குங்குமச் சிமிழைத் தட்டானிடம் கொடுத்து, அவர் சொட்டையெல்லாம் எடுத்துப் பளபளவென்று மெருகு போட்டுத் திருப்பித் தந்தபோது உங்களுக்கு 'திக்'கென்றிருக்கவில்லையா? பாட்டியின் விரல் தேய்த்த பள்ளமும் அல்லவா போய்விட்டது!

இதைச் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்: "அப்படியானால் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடக்கிற என் சைக்கிளையும் அப்படியே விட்டுவிடலாமா?" அதன் பிரேக்கை முதலில் சரி பண்ணுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.