அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள்: அச்சுறுத்தியவர்களே உருவாக்கிய வாக்காளர்கள்

கலிபோர்னியா இன்று ஜனநாயகக் கட்சியின் கோட்டை. ஆனால் 1968 முதல் 1988 வரை நடந்த ஆறு ஜனாதிபதித் தேர்தல்களிலும் அந்த மாநிலம் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது. 1992 இல் திசைமாறியது, இன்றுவரை திரும்பவில்லை.

1994 இல் ஆவணமற்ற குடியேறிகளுக்கு அரச பாடசாலைக் கல்வியையும் அவசரமற்ற மருத்துவ உதவியையும் மறுக்கும் 187ஆம் இலக்கப் பிரேரணையை, குடியரசுக் கட்சி ஆளுநர் பீட் வில்சன் முன்னின்று ஆதரித்தார். மக்கள் வாக்கெடுப்பில் அது வென்றது. நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அச்சமடைந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பெருமளவில் குடியுரிமை பெற்று, வாக்காளர்களாகப் பதிந்தனர். குடியரசுக் கட்சி தனக்கெதிரான வாக்குகளைத் தானே சேர்த்துக் கொடுத்தது என்றே சொல்லவேண்டும்.

அரிசோனா இதிலிருந்து எதையும் கற்கவில்லை. சந்தேகம் எழுந்தால் பொலிஸார் ஒருவரது குடிவரவு நிலையை விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கு 2010 இல் வந்தது. அதை எதிர்த்து எழுந்த இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று வாக்காளர்களைப் பதிவுசெய்தனர். 2020 இல் ஜோ பைடன் அங்கு வென்றது வெறும் 10,457 வாக்குகளால்.

கொலராடோவின் கதை வேறு. டென்வரை நோக்கி வந்து குடியேறிய பட்டதாரிகளே அங்கு முக்கிய காரணம்.

இந்த வாக்குகள் இனித் தம்முடையவையே என்று ஜனநாயகக் கட்சியினர் எண்ணியதுதான் தவறு. 2024 இல் விலைவாசியும் வீட்டு வாடகையும் முன்னுக்கு வந்தபோது அரிசோனாவையும் நெவாடாவையும் ட்ரம்ப் கைப்பற்றினார். ஆயினும் அதே நாளில் அரிசோனா மக்கள் ஜனநாயகக் கட்சியின் ரூபன் கலேகோவை செனட் சபைக்குத் தெரிவுசெய்தார்கள்.