தேடுபவரின் சொல்லும் வேண்டும்

யூனிக்ஸ் கணிப்பொறி முறைமையின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. அதன் வழிவந்த லினக்ஸில் இன்றும் ‘மேன்’ என்று தட்டி, ஒரு கட்டளையின் பெயரையும் தந்தால் அதற்குரிய கையேட்டுப் பக்கம் திரையில் வரும்.

பெயரே தெரியாவிட்டால்? அதற்குத்தான் ‘அப்ரோபோ’ என்ற கட்டளை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயரும் ஒருவரி விளக்கமும் உண்டு. அவற்றை மட்டும் ‘மேன்டிபி’ என்ற நிரல் திரட்டி அட்டவணையாக்கி வைக்கிறது. அப்ரோபோ தேடுவது அந்த அட்டவணையில்தான்.

சிக்கலும் இங்கேதான். கோப்பை அழிக்க நினைத்து ‘டெலீட்’ என்று தேடிப் பாருங்கள். கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ அகப்படாது! அதன் வரியில் இருப்பது ‘ரிமூவ்’ என்ற சொல். ‘எம்வி’ கட்டளையின் வரியிலோ ‘மூவ்’ என்பதோடு ‘ரீநேம்’ என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். பெயர் மாற்ற வழி தேடுபவருக்கு அது உடனே கிடைத்துவிடுகிறது.

பக்கம் முழுவதையும் தேடலாமே என்பீர்கள். அந்த வசதியும் உண்டு. ஆனால் நேரம் பிடிக்கும். வேண்டாத பக்கங்களும் வந்து குவியும்.

எழுதுபவருக்குத் தெரிந்த சொல் மட்டும் போதாது, தேடுபவர் மனத்தில் எழும் சொல்லும் அந்த ஒரு வரியில் வேண்டும் என்பதே என் கருத்து. கண்ணில் படாத பக்கம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தால்தான் என்ன? உங்கள் சோதனைக் குறிப்பேட்டிலும் ‘ஓம் விதி’ என்பதன் கீழ் ‘மின்தடையைக் கண்டறிதல்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்களேன்!